இரண்டு சென்டிமீட்டர் உயரம்: வரவு என்ன, செலவு என்ன?

தெரு ஓரத்தில் நின்று, போகிற வருகிற சிறு கார்களைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். அவற்றுள் ஒரு வகை தனியாகத் தெரியும். நிமிர்ந்த முன்புறம், உயர்ந்த கூரை, சக்கரங்களைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பு என்று ஜீப்பின் தம்பியைப் போல அது தோற்றமளிக்கும். இவ்வகைக் காரைக் 'கிராஸ்ஓவர்' என்கிறார்கள். 2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் மிக அதிகமாக விற்பனையான கார் இந்த வகையைச் சேர்ந்ததுதான். டாடா பஞ்ச் என்ற அந்தச் சிறு கார் அவ்வோர் ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேல் விற்றது.

நடுத்தரக் குடும்பம் ஒன்றில், வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவாவது காருக்குத்தான். பல ஆண்டுகள் கடன் தவணை கட்ட வேண்டும். ஆனால் எந்தக் காரை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் விளம்பரமும் பக்கத்து வீட்டாரின் சொல்லுமே முடிவு செய்கின்றன. உங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலுக்கு இதில் வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. வாருங்கள், ஒரு தராசை எடுத்துக்கொண்டு இந்தக் காரின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்போம்.

கிராஸ்ஓவர் என்றால் என்ன?

பழைய ஜீப்பில் ஏணி போன்ற வலுவான இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். அதன்மேல் உடற்பகுதியைத் தனியாகப் பொருத்துவார்கள். சாதாரணக் காரில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. முட்டை ஓட்டைப் போல உடலே சட்டமாகவும் இருந்து பாரத்தைத் தாங்கும். இதனால் கார் இலேசாகிறது. கிராஸ்ஓவர் என்பது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உள்ளே கார், வெளியே ஜீப்பின் சாயல். அவ்வளவுதான்.

டாடா பஞ்சையே எடுத்துக்கொள்வோம். இது வெளிவந்தது 2021 அக்டோபரில். அப்போது இதன் நீளம் 3827 மி.மீ., எஞ்சினின் கொள்ளளவு 1199 கன செ.மீ. இந்த எண்களைக் கண்டதும் ஒரு கேள்வி எழ வேண்டும். அது என்ன 1199? ஏன் 1250 ஆகவோ 1300 ஆகவோ இல்லை? காரணம் இயற்பியல் அன்று, வரி! 2006-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டம், 4000 மி.மீ. நீளத்துக்கும், பெட்ரோல் எஞ்சினானால் 1200 கன செ.மீ. கொள்ளளவுக்கும் மேற்படாத கார்களுக்குத் தீர்வையைக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி மாற்றத்திலும் இதே எல்லைக்குள் அடங்கும் கார்களுக்கு 18 விழுக்காடு வரியும், பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு வரியும் விதிக்கப்பட்டன. ஆகவே குறைந்த விலைக் காரை வடிவமைப்பவர், நீளத்தையும் எஞ்சினையும் விருப்பம்போல் கூட்ட முடியாது. அவருக்கு எஞ்சியிருக்கும் திசை ஒன்றே ஒன்று. அது மேல்நோக்கிய திசை.

எத்தனை உயரம்?

ஒப்பிடுவதற்கு, அதே நிறுவனத்தின் அல்ட்ராஸ் என்ற தாழ்வான காரை எடுத்துக்கொள்வோம். இது 2020-ல் வெளிவந்தது. இரண்டு கார்களும் ஒரே அடித்தள அமைப்பின்மீது கட்டப்பட்டவை. ஆதலால் ஒப்பீடு நியாயமானது. வெளிவந்தபோது அறிவிக்கப்பட்ட அளவுகள் இவை:

அல்ட்ராஸ்: மொத்த உயரம் 1523 மி.மீ.; தரை இடைவெளி 165 மி.மீ.
பஞ்ச்: மொத்த உயரம் 1615 மி.மீ.; தரை இடைவெளி 187 மி.மீ.

காரின் அடிப்பாகத்தில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் சாலைக்கும் உள்ள தொலைவே தரை இடைவெளி. கழித்துப் பாருங்கள். மொத்த உயரத்தில் வேறுபாடு 92 மி.மீ. தரை இடைவெளியில் வேறுபாடு 22 மி.மீ. மட்டுமே! கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் உயரத்தில் கால் பங்குகூட வயிற்றுக்கு அடியில் இல்லை. மீதி 70 மி.மீ. உடற்பகுதியிலும் இருக்கையிலும் கூரையிலும் போய்விட்டது.

அது வீண் என்று சொல்ல வரவில்லை. மணையிலிருந்து எழுவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பாட்டியைக் கேட்டால் தெரியும். இருக்கை தாழத் தாழ, முழங்கால் அதிகமாக மடிகிறது; எழும்போது முழங்கால் மூட்டின்மீது விழும் திருப்புத்திறன் கூடுகிறது. இருக்கை சற்று உயர்ந்தாலே முதியவர்களுக்குப் பெரிய உதவி. இது தராசின் வரவுத் தட்டில் வைக்க வேண்டிய முதல் எடைக்கல்.

வேகத்தடையின் கணக்கு

அடுத்து, அந்த 22 மி.மீ. என்ன செய்கிறது என்று காண்போம். நால்வர் ஏறி, பெட்டியும் வைத்தால் சுமார் 300 கி.கி. பாரம் கூடும். சக்கரங்களின் வில்சுருள்கள் அமுங்கிக் காரின் வயிறு ஏறத்தாழ 4 செ.மீ. தாழும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அல்ட்ராஸின் இடைவெளி 12.5 செ.மீ.; பஞ்சின் இடைவெளி 14.7 செ.மீ.

இனி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வேகத்தடை என்பது 17 மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில். அகலம் 3.7 மீ., நடு உயரம் 10 செ.மீ. கார் இதைக் கடக்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வில்லின்மேலேயே நிற்கும். பஞ்சில் இவ்விரு சக்கரங்களுக்கு இடையே உள்ள தொலைவு 2.445 மீ. இந்த நீளமுள்ள நாணுக்கு மேலே வில் எவ்வளவு எழும்பும்? வடிவியலில் படித்திருப்பீர்கள்: நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 5.98 ஐ 136 ஆல் வகுத்தால் 0.044 மீ., அதாவது 4.4 செ.மீ. அல்ட்ராஸுக்குக் கணக்கிட்டால் 4.6 செ.மீ. வரும்.

கவனித்தீர்களா? 12.5 செ.மீ. இடைவெளி உள்ள தாழ்வான காருக்கும் இந்த வேகத்தடை ஒரு பொருட்டே அன்று. நெறிமுறைப்படி கட்டப்பட்ட வேகத்தடையைக் கடக்க உயரமான கார் தேவையே இல்லை!

ஆனால் நம் தெருக்களில் இருப்பவை எல்லாம் அப்படியா? இரவோடு இரவாகச் சிமெண்டைக் கொட்டி எழுப்பிய, அரை மீட்டர்கூட அகலமில்லாத மேடுகள் எத்தனை! அத்தகைய மேடு இரு சக்கரங்களுக்கும் இடையில் வரும்போது, அதன் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். மேட்டின் உயரம் 14 செ.மீ. என்றால், பாரம் ஏற்றிய அல்ட்ராஸ் தட்டும். பஞ்ச் 7 மி.மீ. இடைவெளியில் தப்பும். வேகமாகப் போனால் வில்சுருள் மேலும் அமுங்கும்; அப்போது பஞ்சும் தட்டும். ஆகவே இந்த 22 மி.மீ. ஒரு மெய்யான நன்மைதான். ஆனால் மெல்லிய நன்மை. மெதுவாக ஓட்டுபவருக்கு மட்டுமே கிடைக்கும் நன்மை.

காற்று கேட்கும் வரி

இனிச் செலவுத் தட்டுக்கு வருவோம். ஓடும் கார் தனக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். காற்றுத் தடை, காரின் முன்புறப் பரப்பையும், வடிவத்தையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு.

கணக்குக்காக, தாழ்ந்த காரின் முன்புறப் பரப்பு 2.2 சதுர மீட்டர், தடைக் குணகம் 0.33 என்றும், உயர்ந்த காருக்கு இவை 2.3, 0.36 என்றும் கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீ. வேகத்தில், காற்றுத் தடை முன்னதற்குச் சுமார் 272 நியூட்டன். பின்னதற்குச் சுமார் 310 நியூட்டன். வேறுபாடு 38 நியூட்டன். 45 கி.மீ. வேகத்திலோ வேறுபாடு 10 நியூட்டனுக்குள் அடங்கிவிடும்.

38 நியூட்டன் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அதை 100 கி.மீ. தூரத்தால் பெருக்குங்கள். செய்ய வேண்டிய வேலை 38 இலட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 320 இலட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்தால், 80 இலட்சம் ஜூல். எனவே 100 கி.மீ.-க்கு ஏறக்குறைய அரை லிட்டர் பெட்ரோல் கூடுதல். ஆண்டுக்கு 10,000 கி.மீ. நெடுஞ்சாலையில் இதே வேகத்தில் ஓட்டுபவர் சுமார் 50 லிட்டரை உயரத்துக்கு வரியாகக் கட்டுகிறார். லிட்டர் 100 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டுபவருக்கு இந்த வரி நான்கில் ஒரு பங்குதான். யார், எங்கே ஓட்டுகிறார்கள் என்பதைக் கேட்காமல் 'மைலேஜ்' பேசுவது பயனற்றது என்பது இதனால் விளங்கும்.

சாயும் அபாயம்

ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், வழுக்கிச் செல்லும். செங்குத்தாக நிறுத்தித் தள்ளுங்கள், கவிழும். ஈர்ப்பு மையத்தின் உயரமும் அடித்தளத்தின் அகலமுமே இதைத் தீர்மானிக்கின்றன.

காரிலும் இதே விதிதான். இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இதை நிலை உறுதிக் காரணி எனலாம். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, கவிழும் வாய்ப்பை இந்த எண்ணைக் கொண்டு மதிப்பிட்டு மக்களுக்கு அறிவித்து வருகிறது. எண் பெரிதானால் கார் உறுதியானது. சக்கர இடைத்தூரம் 1.5 மீ. என்றும், தாழ்ந்த காரின் ஈர்ப்பு மையம் 54 செ.மீ. உயரத்திலும், உயர்ந்த காரின் மையம் 60 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகவும் கொண்டால், எண்கள் முறையே 1.39, 1.25 என வரும்.

உலர்ந்த சாலையில் டயரின் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8. இது இரண்டு எண்களையும்விடச் சிறியது. ஆதலால் சமதளச் சாலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால், இரண்டு கார்களும் கவிழ்வதற்கு முன் வழுக்கத் தொடங்கிவிடும். அப்படியானால் அபாயம் எங்கே? வழுக்கிப் போகும் காரின் சக்கரம் ஒரு கல்லிலோ, சாலையோர மண்ணிலோ இடறும்போதுதான். பெரும்பாலான கார்கள் இவ்வாறு இடறியே கவிழ்கின்றன. அந்த நொடியில் உயர்ந்த காருக்குப் பிழைக்கும் வாய்ப்புக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. 1100 கி.கி. நிறையுள்ள அந்த உயர்ந்த காரின் கூரைமேல், தரையிலிருந்து 1.75 மீ. உயரத்தில் 50 கி.கி. மூட்டையைக் கட்டினால், ஈர்ப்பு மையம் 60 செ.மீ.-இலிருந்து 65 செ.மீ.-க்கு ஏறிவிடும். உறுதி எண் 1.15 ஆக இறங்கும். மூட்டையை டிக்கியில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

உயரம்தான் பாதுகாப்பா?

'உயரமான கார் மோதலில் பத்திரமானது' என்று பலர் நம்புகிறார்கள். குளோபல் என்-கேப் என்ற அமைப்பு கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்புறம் மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்குகிறது. 2021-ல் பஞ்ச், பெரியவர்களின் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரமும், குழந்தைகளின் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும் பெற்றது. நல்ல தேர்ச்சிதான். ஆனால் தாழ்வான அல்ட்ராஸும் 2020-ல் பெரியவர்களின் பாதுகாப்புக்கு அதே 5 நட்சத்திரம் பெற்றது. ஆகவே நட்சத்திரத்தைத் தந்தது உயரம் அன்று; கூட்டின் உறுதியும், இருக்கைப் பட்டியும், காற்றுப் பையும்தான்.

இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 கி.மீ. வேகத்தில் அது, 64 கி.மீ. வேகத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 64-க்குக் கிடைத்த நட்சத்திரத்தை 100-க்கும் கிடைத்ததாக எண்ணக் கூடாது.

வெள்ளத்தில் மிதக்கும் பெட்டி

விளம்பரப் படங்களில் இத்தகைய கார்கள் நீரைக் கிழித்துக்கொண்டு பாயும். 2015-லும் 2023-லும் சென்னையில் வந்த வெள்ளத்தை நினைத்துக்கொண்டு இதைக் கணக்கிடுவோம். ஆர்க்கிமிடீஸ் நமக்குத் துணை.

காரின் அடித்தளம் நீரில் அமிழும் பரப்பு 4.5 சதுர மீட்டர் எனக் கொள்வோம். சாலையில் 30 செ.மீ. நீர். பஞ்சின் அடித்தளத்துக்கு மேல் சுமார் 11 செ.மீ. நீர் நிற்கும். அது விலக்கும் நீரின் கன அளவு ஏறத்தாழ அரைக் கன மீட்டர்; அதன் நிறை 500 கி.கி. அதாவது சுமார் ஒரு டன் நிறையுள்ள காரின் எடையில் பாதியை நீர் தூக்கிவிடுகிறது! எடை பாதியானால் சக்கரத்தின் பிடிமானமும் பாதி. நீர் மேலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறும்போதும் 45 கி.கி. எடை குறையும். அந்த 22 மி.மீ. நமக்குத் தருவது 100 கி.கி. அளவு சலுகைதான். ஓடும் வெள்ளத்தின் முன் அது ஒன்றுமில்லை. மேலும், பஞ்சில் எஞ்சின் முன் சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிறது; ஜீப்பின் சாயல் உண்டே தவிர, நான்கு சக்கர இயக்கம் கிடையாது. ஓடும் நீரில் காரை இறக்காதிருப்பதே அறிவு.

முந்தும்போது...

சிறிய எஞ்சினுக்கும் ஒரு விலை உண்டு. 1030 கி.கி. காரில் 300 கி.கி. பாரம் ஏற்றி, 60 கி.மீ. வேகத்திலிருந்து 90 கி.மீ. வேகத்துக்கு உயர்த்தச் சுமார் 2,31,000 ஜூல் தேவை. வெளிவந்தபோது பஞ்ச் எஞ்சினின் உச்சத் திறன் 86 குதிரைத் திறன், அதாவது 63 கிலோவாட். பற்சக்கர இழப்பும் காற்றும் போகச் சராசரியாக 25 கிலோவாட் வேகத்தைக் கூட்ட எஞ்சும் என்று கொண்டால், 9 நொடிக்கு மேல் ஆகும். ஓட்டுநர் தனியாகச் சென்றால் ஏழரை நொடி போதும்.

அந்த 9 நொடியில் நம் கார் 190 மீ. போகும். எதிரே 90 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து 230 மீ. வரும். இருவழிச் சாலையில் 400 மீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரியாமல் லாரியை முந்தக் கூடாது என்பது இதன் பொருள். தனியாக ஓட்டிப் பழகியவர், குடும்பத்தோடு போகும்போது இதை மறப்பதுண்டு. நால்வர் உயிர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

தராசு என்ன சொல்கிறது?

முழங்கால் வலியுள்ள முதியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அன்றாடப் பாதையில் மேடு பள்ளம் மிகுதி. ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள் என்றால் சிறு கிராஸ்ஓவர் நல்ல தேர்வு. வாரந்தோறும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போகும் குடும்பத்துக்குத் தாழ்வான காரே சிக்கனமும் உறுதியும் தரும். இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எந்தப் பாதைக்கு என்று கேட்டால் விடை உண்டு.

இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். நெறிமுறைப்படி வேகத்தடை அமைந்திருந்தால் அந்த 22 மி.மீ.-க்குத் தேவையே பெரும்பாலும் இராது. சாலையில் நேர்ந்த பிழைக்கு, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே ஒரு விலை கொடுக்கிறது. ஒரு மேட்டைச் சரியாகக் கட்டும் செலவு ஒரு முறைதான். அதன் பயனோ காருக்கு மட்டுமன்று. சைக்கிளில் போகும் உங்களுக்கும், ஆம்புலன்ஸில் போகும் நோயாளிக்கும் உண்டு.

செய்து பாருங்கள்: உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள வேகத்தடையை அளந்து பாருங்கள். சாலையில் இறங்கி அளப்பதால், ஆசிரியர் துணையோடும் போக்குவரத்து இல்லாத நேரத்திலும் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். மேட்டின் உச்சிக்குக் குறுக்கே ஒரு நூலை மட்டமாகப் பிடித்து, அதன் இரு முனைகளிலும் நூலுக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை ஓர் அளவுகோலால் அளங்கள். மேட்டின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். அது 17 மீட்டருக்கு அருகில் இருக்கிறதா? இல்லையென்றால், அளவுகளை வரைபடத்தோடு எழுதி, உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்துக்கு வகுப்பின் சார்பில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.